திரையில் நின்ற ஸா

அந்த மருத்துவமனையில் அவளுக்கு 'பேசாதீங்க டாக்டர்' என்று பெயர். வைத்தவள் அவளிடம் வேலை பார்க்கும் நர்ஸ்தான். தொண்டை கட்டிக்கொண்டு வருகிற எவரும் நாற்காலியில் உட்கார்ந்த கையோடு தம் கதையை ஆதியோடந்தமாக ஆரம்பிப்பார்கள். டாக்டர் கையைத் தூக்கி, "பேசாதீங்க. வாயை மட்டும் திறங்க" என்பாள். பள்ளிக்கூட வாத்தியார்கள், ஏலம் கூவுகிறவர்கள், வக்கீல்கள், பிள்ளைகளைக் கத்திக் கத்தியே ஆளாக்கிய தாய்மார்கள் என்று பேச்சால் கெட்ட தொண்டைகள்தான் அவளுக்குப் பிழைப்பு.

பாட்டுக்கும் அவளுக்கும் காத தூரம். கணவர் குளியலறையில் பாடினால், "என்னங்க, குழாய் ரிப்பேரா?" என்று வெளியிலிருந்து கேட்பாள். வெறுப்பு ஒன்றும் இல்லை. உள்ளே இருந்து பார்த்துப் பார்த்து, குரல் என்பது அவளுக்கு இரண்டு ஈரச் சதை மடிப்புகளுக்கு நடுவே காற்று போய்வருகிற சமாசாரமாக ஆகிவிட்டது. நாள் முழுக்கச் சமைக்கிறவனுக்குப் பசி செத்துப்போகுமே, அந்த மாதிரி.

ஒரு பாட்டுக்காரர் அவளிடம் வந்த அன்று பேசியதெல்லாம் அவர் மனைவிதான். ஆள் நல்ல உயரம், அகன்ற மார்பு, நரைத்த தாடி. நாற்காலியில் உட்கார்ந்தவர் அறையை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுக் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார். மனைவி ஒல்லியாக, மூக்குக் கண்ணாடியோடு, பக்கத்தில் நின்றுகொண்டே தொடங்கினாள்.

"டாக்டர், இவர் துருபத் பாடுறவர். நீங்க கேட்டிருக்க மாட்டீங்க. யாரும் கேட்டிருக்க மாட்டாங்க, அதனால தப்பா எடுத்துக்காதீங்க. வடநாட்டுச் சங்கீதத்துல ரொம்பப் பழைய முறை. ஆரம்பத்துல வார்த்தை கிடையாது, தாளம் கிடையாது. ஒரு ஸ்வரத்தைப் பிடிச்சா அதிலேயே உக்காந்துடுவார். நான் பின்னாடி தம்புரா போடுவேன். இப்ப கொஞ்ச மாசமா குரல்ல மணல் விழுந்த மாதிரி இருக்கு. இவர் சொல்ல மாட்டார். நானாத்தான் இழுத்துட்டு வந்தேன்."

முதன்முறையாக ஒரு நோயாளியிடம் 'பேசாதீங்க' என்று சொல்ல வேண்டிய தேவையே டாக்டருக்கு வரவில்லை.

மூக்கு வழியாக மெல்லிய குழாயை விட்டுத் திரையில் பார்த்தாள். இடப்பக்கத்துக் குரல்நாணில் சிவப்பாக ஒரு மொட்டு. ரத்தம் கட்டிய கட்டி. மருந்துக்குக் கரையாது, எடுக்கத்தான் வேண்டும். அதைச் சொன்னாள். "எடுத்தா வலி இருக்காது. குரல் வரும். ஆனா பழைய குரலே வரும்னு நான் கையடிச்சுச் சொல்ல மாட்டேன்."

மனைவியின் வாய் அப்போதுதான் நின்றது. பாட்டுக்காரர் டாக்டரைப் பார்த்து லேசாகச் சிரித்தார். "செய்ங்க" என்றார். மணல் விழுந்த குரல்தான். ஆனால் அது எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வந்த மாதிரி இருந்ததை டாக்டர் கவனித்தாள். கவனித்துவிட்டு மறந்தும் போனாள்.

அறுவை சிகிச்சை அன்று மறக்க முடியாதபடி ஒன்று நடந்தது. நுண்ணோக்கியின் கீழே மொட்டைப் பிடித்துத் தூக்கியபோது, அதன் வேர் அவள் நினைத்ததைவிட ஆழமாக இறங்கியிருந்தது. மேலோடு நறுக்கினால் திரும்ப முளைக்கும். தோண்டி எடுத்தால் தழும்பு விழும். எத்தனையோ தொண்டைகளில் இதே முடிவை எடுத்தவள்தான். அன்றைக்கு மட்டும் கை ஒரு கணம் அந்தரத்தில் நின்றது. 'இவர் ஒரு ஸ்வரத்திலேயே உட்கார்ந்துவிடுவாராமே' என்று நினைப்பு ஓடியது. அவர் உட்காருகிற இடத்தை அவள் செப்பனிடுகிறாளா, இடிக்கிறாளா? மயக்க மருந்து கொடுப்பவர் தலையைத் தூக்கிப் பார்த்தார். அவள் மூச்சை இழுத்துவிட்டு, வேரோடு எடுத்தாள்.

வெளியே வந்து மனைவியிடம் ஒளிக்காமல் சொன்னாள். "சுத்தமா எடுத்துட்டேன். ஆனா தழும்பு இருக்கும். கீழ் ஸ்தாயி தப்பிச்சுக்கும். மேல போறதுதான் கஷ்டமா இருக்கலாம்."

"சரி டாக்டர்" என்றாள் மனைவி. அந்த ஒற்றை வார்த்தைதான் டாக்டரை உறுத்தியது.

பிறகு மௌன காலம். முணுமுணுக்கக்கூடக் கூடாது, கனைக்கக்கூடக் கூடாது. வாராவாரம் மனைவி போனில் நிலவரம் சொல்வாள். "முப்பது வருஷமா நான் சாமிகிட்ட கேட்டது இப்பதான் கிடைச்சிருக்கு டாக்டர். நான் பேசுறதை மறுக்காம கேட்கிற புருஷன்" என்று ஒருநாள் சிரித்தாள். இன்னொரு நாள், "காலையில எழுந்ததும் தம்புராவைப் போடச் சொல்றார். போடுறேன். வாயை மூடிக்கிட்டு எதிர்ல உக்காந்திருக்கார். வெயில் ஏறுற வரைக்கும் அசையறதில்ல. எனக்குக் கைதான் விட்டுப்போகுது" என்றாள்.

மௌனத்தை முடித்துக்கொள்ளலாம் என்று டாக்டர் குறித்துக் கொடுத்த நாள் வந்தது. அவர்கள் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. டாக்டர் தானே போன் செய்தாள். இப்படி அவள் எந்த நோயாளியையும் கூப்பிட்டதில்லை என்று நர்ஸ் பிற்பாடு ஊரெல்லாம் சொன்னாள்.

"வாயைத் திறக்க மாட்டேங்கிறார் டாக்டர்" என்றாள் மனைவி. குரல் கம்மியிருந்தது. "பயமான்னு கேட்டேன், இல்லைன்னு தலையாட்டுறார். வலியான்னு கேட்டேன், அதுக்கும் இல்லை. சந்தோஷமா வேற இருக்கார். அதுதான் எனக்கு வயித்துல புளியைக் கரைக்குது."

மறுநாள் காலை, வேலைக்குப் போகிற வழியில் டாக்டர் அவர்கள் வீட்டுக் கதவைத் தட்டினாள். திட்டுவதாகத்தான் எண்ணம். குறித்த நாளில் வராதவர்களைத் திட்டுவதில் அவளுக்குப் பெயர் உண்டு.

மூன்றாம் மாடியில் சின்ன வீடு. முன்னறையில் மேசை நாற்காலி எதுவும் இல்லை, ஒரு ஜமுக்காளம் மட்டும் விரித்திருந்தது. மனைவி கதவைத் திறந்துவிட்டு ஓடிப்போய்த் திரும்பத் தம்புராவை மடியில் சாய்த்துக்கொண்டாள். பாட்டுக்காரர் டாக்டரைப் பார்த்தார், முகம் மலர்ந்தது, எதிரே உட்காரும்படி கையைக் காட்டினார். செருப்பைக் கழற்றி உட்கார்ந்தவள், திட்டை எங்கே ஆரம்பிப்பது என்று தேடிக்கொண்டிருந்தாள்.

தம்புரா ஒலித்துக்கொண்டிருந்தது. நான்கு தந்திகளை ஒன்றன்பின் ஒன்றாக மீட்டிக்கொண்டே போகிற வேலை, வேறு ஒன்றுமில்லை. கொஞ்ச நேரத்தில் பக்கத்து அறையில் ஒரு பெண் மெல்லிய குரலில் பாடுவது கேட்டது. டாக்டர் அந்தப் பக்கம் திரும்பினாள். குரல் இடம் மாறி ஜன்னல் பக்கமிருந்து வந்தது.

"உள்ள யாரு பாடுறாங்க?"

மனைவி மீட்டுவதை நிறுத்தாமல் சிரித்தாள். "யாரும் இல்ல டாக்டர். உள்ள இருக்கிறது சமையல்கட்டு. தந்தியெல்லாம் சுத்தமா சேர்ந்துட்டா, யாரும் மீட்டாத ஒரு ஸ்வரம் தானா எழுந்து வரும். நான் போடல. அது வருது."

டாக்டருக்கு நம்பிக்கை வரவில்லை. தந்திகளை உற்றுப் பார்த்தாள், மனைவியின் விரலைப் பார்த்தாள், அவள் உதட்டையும் பார்த்தாள். உதடு மூடியிருந்தது. குரல் அறை முழுக்க நின்றுகொண்டிருந்தது. டாக்டருக்குத் திட்ட வந்தது மறந்தே போயிற்று.

பாட்டுக்காரர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். 'கேட்டுதா?' என்பது போலப் புருவத்தை உயர்த்தினார். பிறகு தன் தொண்டையைத் தொட்டுக் காட்டி, விரல்களைக் குவித்து, பறவை பறந்துபோவது போல விரித்தார்.

"தான் வாயைத் திறந்தா அது போயிடுமாம்" என்று மனைவி மொழிபெயர்த்தாள். "இத்தனை வருஷம் அது மேல ஏறி நின்னு கத்திக்கிட்டிருந்தோமேன்னு இருக்காம் இவருக்கு. நான் என்ன சொல்லட்டும் டாக்டர்? என் தம்புரா நல்லாச் சேர்ந்ததுதான் நான் பண்ண பாவம்."

டாக்டர் தன்னை அறியாமலே பாட்டுக்காரர் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள்.

"ஐயா, எனக்குச் சங்கீதம் தெரியாது. நீங்க பாடணுமா வேண்டாமான்னு சொல்ல நான் யாரு? ஆனா உங்க தொண்டைக்குள்ள கத்தி வெச்சவ நான். மேலோட எடுத்திருக்கலாம், நான் ஆழமா எடுத்தேன். சரியாப் பண்ணேனா, கெடுத்துட்டேனான்னு தெரியல. நீங்க வாயை மூடிக்கிட்டா எனக்கு அது தெரியவே போறதில்ல. பாட வேண்டாம். எனக்காக ஒரே ஒரு சத்தம் குடுங்க. அப்புறம் உங்க இஷ்டம்."

தம்புரா ஓடிக்கொண்டே இருந்தது. பாட்டுக்காரர் முழங்காலில் கையூன்றி எழுந்து, கதவோரம் போய்ச் செருப்பைத் தேடினார்.

"ஐயோ, இப்பவேவா?" என்று மனைவி பதறினாள்.

டாக்டரின் சின்னக் காரில் தம்புராவை முழுசாக அடைக்க முடியவில்லை. பின்சீட்டில் குடத்தை மடியில் வைத்துக்கொண்டு மனைவி உட்கார, அதன் கழுத்து ஜன்னலுக்கு வெளியே நீட்டிக்கொண்டு போயிற்று. ஒவ்வொரு தெரு முனையிலும் அவள், "பார்த்து டாக்டர், பார்த்து, கழுத்து கழுத்து" என்று கத்தினாள். முன்சீட்டில் பாட்டுக்காரர் குலுங்கிக் குலுங்கிச் சத்தமில்லாமல் சிரித்துக்கொண்டு வந்தார்.

மருத்துவமனையில் கூடம் நிரம்பியிருந்தது. தம்புராவைப் பார்த்து வாயைப் பிளந்த நர்ஸிடம், "ஒண்ணும் கேட்காதே, மெஷினைப் போடு" என்றாள் டாக்டர்.

அந்த மெஷினைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பேசும்போது குரல்நாண்கள் நொடிக்கு நூற்றுக்கணக்கான தடவை அதிரும். கண்ணால் பார்த்தால் வெறும் மங்கல்தான் தெரியும். அதனால் குழாயின் முனையில் இருக்கும் விளக்கு விட்டுவிட்டு மின்னும். குரல் எந்த வேகத்தில் அதிர்கிறதோ அந்த வேகத்திலேயே மின்னும்படி வைத்தால், ஒவ்வொரு அதிர்வின் அதே நிலை மட்டும் கண்ணில் பட்டு, படம் அசையாமல் நின்றுவிட வேண்டும். இது ஏட்டில் இருக்கிற விஷயம். நிஜத்தில் நிற்காது. யார் குரலும் அவ்வளவு சீராக இருப்பதில்லை. ஜெல்லி மாதிரி நடுங்கும். அந்த நடுக்கத்தைப் பார்த்துத்தான் டாக்டர் நோயைச் சொல்வாள்.

மனைவி மூலையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து சுருதி சேர்த்தாள். மூக்கில் மரத்துப்போகும் மருந்தைத் தெளித்து, டாக்டர் குழாயை உள்ளே விட்டாள். திரையில் குரல்நாண்கள் வந்தன. வெளுப்பாக, சுத்தமாக. இடப்பக்கம் ஓரத்தில் மெல்லிய கோடு போலத் தழும்பு. அவள் போட்டது.

"மெதுவா, ஐயா. எது வருதோ அது."

அவர் கண்ணை மூடினார். முதலில் காற்று மட்டும் வந்தது. பிறகு காற்றுக்குள் ஏதோ ஒன்று இருந்தது. ஒலி எப்போது தொடங்கியது என்று கேட்டால் மூவரில் யாராலும் சொல்லியிருக்க முடியாது. தம்புராவுக்குள் ஏற்கெனவே இருந்ததுதான் இப்போது சற்றுப் பக்கத்தில் வந்தது போலிருந்தது. ஸா. கீழே, தரையை ஒட்டி, அகலமாக.

திரையில் படம் நின்றுவிட்டது.

"சே, மாட்டிக்கிச்சு" என்றாள் டாக்டர். மெஷினின் தலையில் ஒரு தட்டுத் தட்டினாள். படம் அசையவில்லை. "சிஸ்டர், இந்தச் சனியன் மறுபடி மாட்டிக்கிச்சு, ஆஃப் பண்ணிப் போடு."

நர்ஸ் கையைக் கொண்டுபோனவள் பாதியில் நிறுத்தினாள். "மேடம், ஓரத்துல நேரம் ஓடுதே."

ஓடிக்கொண்டுதான் இருந்தது. டாக்டர் திரைக்கு முகத்தைக் கொண்டுபோனாள். கல்லில் செதுக்கியது போல இரண்டு வெண்மையான விளிம்புகள். ஒரு இம்மி நடுக்கம் இல்லை. தழும்பு விழுந்த இடம்கூட நின்றது. அப்போது வலப்பக்க மடிப்பின் மேல், கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் ஒரு துளி ஈரம், மெல்ல, மிக மெல்ல, இறங்கி வந்தது.

படம் ஓடுகிறது. நின்றது படம் அல்ல.

டாக்டர் குழாயைப் பிடித்த கையை மற்றொரு கையால் தாங்கிக்கொண்டாள். எத்தனை ஆயிரம் தொண்டைகளுக்குள் அவள் போய் வந்திருக்கிறாள். மனித உடம்பில் நிற்கிற பொருள் ஒன்றுமே இல்லை என்றுதான் அவள் கண்டிருந்தாள். தூங்குகிறவன் தொண்டையும் நடுங்கும், மயக்கத்தில் கிடப்பவனுடையதும் துடிக்கும். இங்கே நொடிக்கு நூற்றுக்கணக்கான தடவை அடித்துக்கொள்கிற சதை, பாறை மாதிரி நின்றுகொண்டிருந்தது. தான் பார்ப்பது ஓட்டமா நிலையா என்று அவளுக்குத் தெரியவில்லை. இரண்டும் ஒன்றாக இருக்கக்கூடும் என்று யாரும் அவளுக்குச் சொல்லித் தந்ததில்லை.

மூச்சு முடிந்தது. அவர் இன்னொரு மூச்சு எடுத்தார். ஒரே ஒரு சத்தம் என்று கேட்டதை இருவருமே மறந்துவிட்டார்கள். ஸாவிலிருந்து அவர் இன்னும் கீழே இறங்கினார், படிக்கட்டு இருக்கிறதா என்று இருட்டில் காலால் துழாவுகிறவர் போல. கீழே படி இருந்தது. அதற்கும் கீழே இருந்தது. மூலையில் மனைவியின் விரல்கள் தந்தியில் போய்வர, கண்ணாடிக்குள்ளிருந்து கண்ணீர் கன்னத்தில் வழிந்தது. அவள் துடைக்கவில்லை, துடைத்தால் தம்புரா நின்றுவிடும்.

டாக்டர் குழாயை மெதுவாக வெளியே எடுத்தாள். திரையை அணைத்தாள். இனிப் பார்க்க வேண்டியது எதுவும் இல்லை என்று தோன்றியது. சுவரில் சாய்ந்து நின்று கேட்டாள்.

வெளியே கூடத்தில் இருமல் சத்தம், குழந்தை அழுகை, சீட்டு எண்ணைக் கூப்பிடும் சத்தம் எல்லாம் அடங்கியிருந்தன. கதவைத் திறந்த நர்ஸ் அப்படியே நின்றாள். தொண்டை கட்டிய வாத்தியார்களும் வக்கீல்களும் எழுந்து நின்றிருந்தார்கள், யாரும் சொல்லாமலே. பாட்டுக்காரர் நிறுத்திய பிறகும் யாரும் உட்காரவில்லை. அடுத்த ஆளைக் கூப்பிட டாக்டர் வாயைத் திறந்தாள், குரல் வரவில்லை. நர்ஸ்தான் கூப்பிட்டாள்.

அதன் பிறகு அவர் பேசினார், சாப்பிட்டார், மனைவியை மறுத்துப் பேசவும் ஆரம்பித்தார். காலையில் நெடுநேரம் கேட்பதும், கொஞ்ச நேரம் பாடுவதும் வழக்கமாயிற்று. மாதங்கள் கழித்து, நூலகத்தின் மாடிக் கூடத்தில் விடிகாலையில் பாடப்போவதாக மனைவி போன் செய்தாள். டாக்டர் கணவரையும் கூட்டிக்கொண்டு போனாள்.

ஜன்னல்களில் அப்போதுதான் வெளிச்சம் வந்துகொண்டிருந்தது. தாள வாத்தியக்காரர் மத்தளத்தை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார். அவர் முறை வர இன்னும் வெகுநேரம் இருந்தது. பாட்டுக்காரர் கீழேயே உலவிக்கொண்டிருந்தார். வார்த்தை இல்லை. ரீ, த, ந, நோம் என்று பொருளில்லாத அசைகள் மட்டும், ஒவ்வொன்றும் ஈரத் துணியைப் பிழிவது போல மெதுவாக.

"பாட்டை எப்ப ஆரம்பிப்பாங்க?" என்று கணவர் காதில் கேட்டார்.

"பேசாதீங்க" என்றாள் டாக்டர்.

அதற்குப் பிறகு கணவர் எதுவும் கேட்கவில்லை. ஒரு சமயம் திரும்பிப் பார்த்தபோது, அவர் வாய் லேசாகத் திறந்திருந்தது, குழந்தை மழையைப் பார்ப்பது போல.

மெல்ல மெல்ல ஸ்வரங்கள் ஏறின. டாக்டர் நிமிர்ந்து உட்கார்ந்தாள். இவர் மேல் ஸாவுக்குப் போகப்போகிறார். தழும்பு விழுந்த விளிம்பு அவ்வளவு மேலே இறுகி மூடாது. அது அவளுக்குத் தெரியும். கையெழுத்துப் போட்டுத் தரவும் தயார். நி வரைக்கும் வந்தார். அங்கேயே சுற்றினார். பிறகு மேலே காலை வைத்தார், குரல் பிளந்தது.

கூடத்தில் ஓரிருவர் தலை குனிந்தார்கள். அவர் இறங்கவில்லை. பிளந்த குரலை மறைக்கவும் இல்லை. மூச்செடுத்து மறுபடி அங்கேயே போனார். மறுபடி கரகரப்பு. புண்ணான இடத்தை ஒரு தாய் தடவிக்கொடுப்பது போல, அவசரமில்லாமல், அந்தக் கரகரப்பின் மேலேயே உட்கார்ந்தார். எத்தனை மூச்சு போயிற்றோ. கரகரப்பு மெலிந்தது, நூலாயிற்று. பிறகு இல்லை. மேல் ஸா நின்றது. சுத்தமாக, விளிம்பு முழுக்க மூடிக்கொண்டு, ஒரே ஒரு மூச்சு நேரத்துக்கு. அந்த ஒரு மூச்சில் டாக்டருக்குத் தொண்டையும் நினைவில்லை, தழும்பும் நினைவில்லை, அங்கே உட்கார்ந்திருப்பது தான் என்பதும் நினைவில்லை.

அவர் கீழே இறங்கி வந்தார். மத்தளக்காரர் முதல் அடியைப் போட்டார்.

எல்லாம் முடிந்து கூட்டம் கலைந்த பிறகு, டாக்டர் மேடையருகே போனாள். கணவர் கொஞ்சம் தள்ளியே நின்றுகொண்டார். பாட்டுக்காரர் வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் குனிந்து, சின்னப் பிள்ளை ரகசியம் கேட்பது போலக் கேட்டார்.

"டாக்டர், அந்த மேல் ஸாவுல உள்ள என்ன நடந்துச்சு? எப்படி மூடுச்சு?"

"தெரியல ஐயா. அது மூடக்கூடாது. நான் உங்களைத்தான் கேட்கலாம்னு வந்தேன்."

"எனக்கும் தெரியல" என்றார் அவர். அப்படிச் சொன்னபோது அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தை அவள் வேறு எந்த முகத்திலும் பார்த்ததில்லை.

பின்னால் தம்புராவுக்கு உறை மாட்டிக்கொண்டிருந்த மனைவி நிமிர்ந்தாள்.

"நல்லாயிருக்கு. ரெண்டு பேருக்கும் தெரியாது. எனக்குப் பசிக்குதுன்னாவது யாருக்காவது தெரியுமா? பிடிங்க டாக்டர், இந்தக் குடத்தைக் கொஞ்சம்."